கல்லிலே வெட்டுக

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணியிலும் பேசும் நண்பர்களே, தை பிறந்தும் விடாத இந்தத் தில்லிக் குளிரில் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் பொங்கல் வணக்கம்.

"அரச நகைகளுக்கு மதிப்புத் தருவது கல்லும் பொன்னுமா, அவை கைமாறி வந்த வரலாறா?" இதுதான் இன்றைய தலைப்பு. வரலாறே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் பேசும்போது, கதை என்பதே பாதி வதந்தி, கல் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிற உண்மை என்றார். கோகினூரைத் தலைப்பாகைக்குள் ஒளித்து வைத்த கதையை எடுத்து, இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். அடுத்து வந்த தம்பி, சிலப்பதிகாரத்து மணிக்கடைத் தெருவுக்கே நம்மைக் கூட்டிக்கொண்டு போனார். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களை அடுக்கி, அந்தக் காலத்திலும் குற்றமில்லாத கல்லுக்குத்தான் விலை என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். "கரோல் பாக் கடையில் உங்கள் பாட்டி கதையைச் சொல்லிப் பாருங்கள், ஒரு குந்துமணித் தங்கம் கூடுதலாகப் போட்டுக்கொடுப்பார்களா?" என்று கேட்டு முடித்தார்.

அந்தக் கடையில் நான் நின்றிருக்கிறேன், தம்பி. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

நான் 31 வருடம் மத்திய அரசின் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்தவள். ஒரு பொருள் கண் முன்னால் இருக்கிறது என்பதோடு எங்கள் வேலை முடியாது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, எந்தப் பதிவேட்டில் ஏறியது, யார் கையெழுத்து? இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டுதான் நான் நகைகளையும் பார்க்கிறேன்.

2019இல் ஜன்பத் சாலையில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ஐதராபாத் நிஜாமின் நகைகளைக் காட்சிக்கு வைத்தார்கள். இங்கே இருப்பவர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மொத்தம் 173 நகைகள். இந்திய அரசு 1995இல் 218 கோடி ரூபாய் கொடுத்து வாங்கி, ரிசர்வ் வங்கியின் பெட்டகத்தில் பூட்டி வைத்திருப்பவை. அபூர்வமாகத்தான் வெளியே வரும். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். முத்துச்சரங்கள், மரகதங்கள், தலைப்பாகைப் பதக்கங்கள் எல்லாம் தாண்டி ஜேக்கப் வைரத்தின் முன்னால் கூட்டம் நின்றது. 184.75 காரட். எனக்கு முன்னால் நின்ற ஒரு அப்பா தன் மகளிடம் அந்தக் கல்லின் வெட்டைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இதைத்தான் நிஜாம் பேப்பர் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்தாராம்" என்றார். அந்தக் குழந்தை அதற்கப்புறம்தான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தது. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானுக்கு அலெக்ஸாண்டர் ஜேக்கப் என்ற வியாபாரி விற்க வந்த கல் அது. 1891இல் அந்த வியாபாரம் கல்கத்தா நீதிமன்றம் வரை போனது. மகன் உஸ்மான் அலி கான் அதைத் தந்தையின் காலணி முனைக்குள் கண்டெடுத்தார் என்று சொல்வார்கள். கல்லுக்குப் பெயரே அந்த வியாபாரியின் பெயர்தான். எதிரணி கல்லைப் பற்றிப் பேசுகிறது. கல்லோ வாயைத் திறந்தால் தன்னை விற்றவனின் பெயரைச் சொல்கிறது.

சரி, எடைக்கே வருவோம். இன்றைக்கு லண்டன் டவரில் இருக்கும் கோகினூரின் எடை 105.6 காரட். ஜேக்கப் வைரம் அதைவிட ஏறக்குறைய 80 காரட் கூடுதல். எடைதான் மதிப்பு என்றால் நாம் ஜேக்கப் வைரம் கைக்கு வந்ததைக் கொண்டாடிவிட்டு கோகினூரை மறந்திருக்க வேண்டும். அதே டவரில், செங்கோலின் தலையில் 530 காரட் கல்லினன் வைரம் இருக்கிறது. கோகினூரைப் போல ஐந்து மடங்கு. இந்த அரங்கில் எத்தனை பேருக்கு கல்லினன் தெரியும், எத்தனை பேருக்கு கோகினூர் தெரியும்? நடுவர் ஐயா கையைத் தூக்கச் சொன்னால் இந்தப் பட்டிமன்றம் இப்போதே முடிந்துவிடும்.

இன்னொன்று. 1937இல் லண்டனில் முடிசூட்டு விழா நடந்தபோது, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி அரசி எலிசபெத்தின் கிரீடத்தில் கோகினூர் பதிந்திருந்தது. 2023 மே மாதம் அரசி கமிலாவுக்கு முடி சூட்டியபோது வேறு கிரீடம், கோகினூர் இல்லை. இடைப்பட்ட 86 ஆண்டில் அந்தக் கல்லில் ஒரு கீறல் விழுந்ததா? ஒளி மங்கியதா? கல் அப்படியேதான் இருக்கிறது. அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு எப்படிப் போனது என்ற பேச்சு உலகம் முழுவதும் எழுந்தது. அதே ஆண்டு லண்டன் டவரில் அந்தக் கல்லை வெற்றிகொண்டதன் சின்னம் என்று விளக்கிக் காட்டும் புதிய காட்சியையும் திறந்தார்கள். தலையில் வைப்பதா வேண்டாமா என்ற கேள்வியையே கொண்டுவந்தது அதன் வரலாறு. காரட்டுக்கு அந்தப் பலம் கிடையாது.

இப்போது எதிரணித் தலைவரின் வதந்திக் கேள்விக்கு வருகிறேன். இந்த ஊரில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்லாமல் போகக்கூடாது. ஏனென்றால் அந்த வதந்தி பிறந்ததே இந்த ஊரில்தான்.

சாந்தினி சௌக்கில் சீஸ்கஞ்ச் குருத்வாராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மசூதி இருக்கிறது, சுனேரி மசூதி. நாம் எல்லோரும் தரீபாவில் வெள்ளிக் கொலுசு வாங்கப் போகும்போது அதைக் கடந்து போயிருப்போம். 1739 மார்ச் 22 அன்று பாரசீக அரசன் நாதிர் ஷா அங்கே உட்கார்ந்துகொண்டு தில்லி மக்களை வெட்டச் சொன்னான். ஒரே நாளில் பல ஆயிரம் பேர் மாண்டார்கள். அதற்கப்புறம் இந்த ஊரின் பொக்கிஷத்தை வாரினார்கள். ஷாஜகான் ஏழு வருடம் செய்வித்து 1635இல் ஏறி அமர்ந்த மயிலாசனமும் அதில் போனது. செங்கோட்டையின் திவான்-இ-காஸில் இன்றைக்கு வெறும் பளிங்கு மேடையைத்தான் பார்க்கிறோம்.

முகலாய அரசர் முகமது ஷா கோகினூரைத் தலைப்பாகையில் ஒளித்தார், நாதிர் ஷா தலைப்பாகை மாற்றிக்கொள்ளும் சடங்கைச் சொல்லி அதைப் பறித்தான் என்பது அந்தக் கதை. எதிரணித் தலைவர் சொன்னது சரி, அதற்கு அந்தக் காலத்துச் சான்று இல்லை. ஆனால் சான்று இல்லை என்று எப்படித் தெரிந்தது? பதிவுகளைப் புரட்டிப் பார்த்ததால்தானே? பஞ்சாபைப் பிடித்த ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு, கோகினூரின் பூர்வீகத்தை எழுதித் தரும்படி தில்லியில் இருந்த தியோ மெட்கால்ஃப் என்ற இளம் அதிகாரியிடம் கேட்டார். அவர் இங்கிருந்த நகை வியாபாரிகளிடமும் அரண்மனைக்காரர்களிடமும் காதில் விழுந்ததைத் தொகுத்து அனுப்பினார். கிடைத்தது சொற்பம், அதுவும் அரைகுறை என்று அவரே வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். அந்தக் கடைத்தெருப் பேச்சுத்தான் பிற்பாடு பாடப்புத்தகம் வரை வந்தது. ஆனால் நாதிர் ஷாவின் காலத்து விவரங்களைப் பாரசீகத்தில் எழுதிய முகமது காஸிம் மார்வி என்பவர், கோகினூர் மயிலாசனத்தின் மயில் ஒன்றில் பதிந்திருந்தது என்று குறித்து வைத்திருக்கிறார். ஒன்று நூறு வருடம் கழித்துக் கடைவீதியில் கேட்டது. இன்னொன்று அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் எழுதியது. இரண்டையும் தட்டில் வைத்து எடை போட்டுப் பார்ப்பதற்குப் பெயர்தான் வரலாறு. வதந்தியை வரலாறு என்று சொல்லி எங்கள் தலையில் கட்டாதீர்கள் ஐயா. வதந்தியைப் பிடித்துக் கொடுத்ததே வரலாறுதான்.

இந்தக் கல் 1813இல் லாகூரில் ஆப்கான் அரசர் ஷா ஷுஜாவிடமிருந்து சீக்கிய மகாராஜா ரஞ்சித் சிங்கின் கைக்கு வந்தது. அவர் அதைக் கையில் கட்டிக்கொண்டு தர்பாருக்கு வருவார். 1839இல் அவர் இறந்தார். 1849 மார்ச் 29இல் ஆங்கிலேயரோடு லாகூர் ஒப்பந்தம். அதன் மூன்றாவது ஷரத்தை நான் ஒரு தணிக்கைக்காரியின் கண்ணோடு படித்தேன். "ஷா ஷுஜாவிடமிருந்து மகாராஜா ரஞ்சித் சிங் எடுத்த கோகினூர் என்ற கல்லை, லாகூர் மகாராஜா இங்கிலாந்து அரசியிடம் ஒப்படைக்க வேண்டும்" என்பது அதன் சாரம். கவனியுங்கள். கல்லின் எடை என்ன என்று அதில் இல்லை. எந்த நிறம், எத்தனை பட்டை என்று இல்லை. இதற்கு முன்னால் யாரிடமிருந்து யார் எடுத்தார் என்பது இருக்கிறது! நீயும் எடுத்தவன்தான், நானும் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கே வரலாறு தேவைப்பட்டது.

அந்த லாகூர் மகாராஜா யார்? ரஞ்சித் சிங்கின் மகன் துலீப் சிங். வயது 10. தாய் ஜிந்த் கௌரை மகனிடமிருந்து பிரித்துத் தொலைவில் சிறை வைத்திருந்தார்கள். பத்து வயதுப் பையன் போட்ட கையெழுத்து அது. ஐந்து வருடம் கழித்து, 1854இல், லண்டன் அரண்மனையில் அந்தக் கல்லை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவன் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை அரசி விக்டோரியாவிடமே கொடுத்துவிட்டான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஜன்னலோரத்தில் அவன் கையில் இருந்தது கரித்துண்டின் இன்னொரு வடிவம் என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதே தில்லியில், 2016 ஏப்ரலில், உச்ச நீதிமன்றத்தில் கோகினூர் வழக்கு வந்தது. சீக்கியப் போர்களில் உதவியதற்காக ரஞ்சித் சிங்கே ஆங்கிலேயருக்குக் கொடுத்தது, திருடியதோ பறித்ததோ அல்ல என்று மத்திய அரசின் தரப்பில் சொல்லப்பட்டது. நாடே கொதித்தது. அரசு உடனே விளக்கம் தந்து, கல்லைத் திரும்பக் கொண்டுவர முயற்சி செய்வோம் என்றது. இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரஞ்சித் சிங் இறந்தது 1839. ஒப்பந்தம் 1849. முதல் சீக்கியப் போரே அவர் இறந்து ஆறு வருடம் கழித்துத்தான். ஒரு தேதி தவறினால் பறிகொடுத்தவன் பரிசு கொடுத்தவன் ஆகிவிடுகிறான். கல்லைப் பூதக்கண்ணாடியில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்த வித்தியாசம் தெரியாது.

அப்புறம் அந்தக் கல்லுக்கு லண்டனில் என்ன நடந்தது? 1851 பெருங்கண்காட்சியில் வைத்தார்கள். பார்த்தவர்களுக்கு ஏமாற்றம், மின்னவில்லை என்றார்கள். நம் நாட்டில் கல்லின் எடையை முடிந்தவரை காப்பாற்றிப் பட்டை போடுவார்கள். அவர்களுக்கு ஒளி வேண்டும். 1852இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கல்வெட்டும் ஆட்களை வரவழைத்து, நீராவி இயந்திரம் வைத்து, 38 நாள் தேய்த்தார்கள். சுமார் 190 காரட் இருந்த கல் 105.6 ஆனது. முகலாயர் பார்த்த கல், நாதிர் ஷா பார்த்த கல், துலீப் சிங் பிறந்த வீட்டில் இருந்த கல், அந்த உருவமே போய்விட்டது. எதிரணி சொல்கிற ஒளி வந்தது, வராமல் இல்லை. ஆனால் அந்தப் பழைய உருவத்தைத் தேடி இன்றைக்கும் ஆய்வாளர்கள் பழைய வார்ப்புகளையும் படங்களையும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு எதிர்மாறாக ஒரு கல்லைச் சொல்கிறேன். தைமூர் மாணிக்கம் என்று பெயர். 352 காரட்டுக்கு மேல். இதுவும் தில்லியிலிருந்து நாதிர் ஷாவோடு போய், காபூல், லாகூர் வழியாக லண்டனுக்குப் போனது. கல் நிபுணர்கள் பரிசோதித்து, இது மாணிக்கமே இல்லை, ஸ்பைனல் என்ற வேறு கல் என்றார்கள். தைமூரிடம் இருந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை என்று பின்னால் காட்டிவிட்டார்கள். பெயரில் உள்ள இரண்டு சொல்லும் தப்பு! எதிரணியின் தராசில் இது விழுந்துபோக வேண்டிய கல். ஆனால் அதன் மேல் ஜஹாங்கீரின் பெயர் வெட்டியிருக்கிறது. ஷாஜகான், பரூக்சியர் பெயர்கள் இருக்கின்றன. ஹிஜ்ரி 1153இல் இந்துஸ்தானத்து நகைகளிலிருந்து வந்து சேர்ந்தது என்று நாதிர் ஷா பொறித்த வரி இருக்கிறது. ஆப்கான் அரசர் அகமது ஷா துரானி பெயர் இருக்கிறது. அரசர்கள் பதிவேடாகப் பயன்படுத்திய கல் அது. அதனால்தான் யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை.

இந்தியா கேட் பக்கத்தில் பட்டியாலா ஹவுஸ் கோர்ட்டைத் தெரியாத தில்லிவாசி கிடையாது. அந்த மாளிகைக்குரிய மகாராஜா பூபிந்தர் சிங்குக்காக பாரிஸின் கார்ட்டியர் நிறுவனம் 1928இல் ஒரு கழுத்தணி செய்து முடித்தது. 2,930 வைரங்கள், நடுவில் 234.65 காரட் டி பியர்ஸ் வைரம். 1948 வாக்கில் அது காணாமல் போனது. பெரிய வைரம் மட்டும் 1982இல் ஜெனீவா ஏலத்தில் தலைகாட்டியது. 1998இல் லண்டனில் ஒரு பழைய நகைக் கடையில் பெரிய கற்கள் எல்லாம் பிடுங்கப்பட்ட எலும்புக்கூடாக அந்த ஆரம் கிடைத்தது. கார்ட்டியரே அதை வாங்கி, போன கற்களுக்குப் பதில் செயற்கைக் கற்களை வைத்துக் கட்டி, உலகக் கண்காட்சிகளில் வைக்கிறது. கல் போலி, ஆனால் நகை அசல். இதை எதிரணி எப்படி விளக்கும்?

இப்போது தம்பியின் குந்துமணிக்கு வருகிறேன். 2018 நவம்பரில் ஜெனீவாவில் ஒரு முத்துப் பதக்கம் ஏலத்துக்கு வந்தது. பிரான்ஸ் அரசி மரி ஆன்ட்வானெத் அணிந்தது. அவளுடைய மகள் கைக்குப் போய், ஒரே வம்சத்தில் வழிவழியாக வந்தது என்பதற்கு ஏடு இருந்தது. 10 லட்சம் முதல் 20 லட்சம் டாலர் போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 3.6 கோடி டாலருக்குப் போனது. குந்துமணி கூடுதலாகத் தருவார்களா என்று கேட்டீர்களே தம்பி, கூடுதலாகத் தந்த தொகை அது.

ஆனால் கரோல் பாக் கடையில் தரமாட்டார்கள், அது உண்மை. என் பாட்டியின் கெம்பு அட்டிகை, கும்பகோணத்தில் செய்தது, என் அம்மா வழியாக என்னிடம் வந்தது. 1994இல் வீட்டுக் கடன் நெருக்கியபோது கரோல் பாக்கில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். உரைகல்லில் உரசினார். கல்லைக் கழித்தார், அரக்கைக் கழித்தார், மீதி எடைக்குப் பணம் தந்தார். கற்களை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்தார். அவர் மேல் தவறில்லை, அவர் வாங்கியது தங்கம். அந்தப் பொட்டலம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. போன வருடம் என் பேத்தி பிரித்துப் பார்த்து, "இதெல்லாம் யாரோடது பாட்டி?" என்று கேட்டாள். என் பாட்டியுடையது என்று சொன்னேன். பாட்டிக்கு யார் போட்டது என்றாள். பிறந்த வீட்டில் போட்டதா, தாத்தா செய்து போட்டதா, எந்தப் பத்தர் கை வேலை, எனக்குத் தெரியவில்லை. அம்மா உயிரோடு இருந்தபோது நான் கேட்டு எழுதி வைக்கவில்லை. கற்கள் அத்தனையும் இருக்கின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அந்த அட்டிகை இல்லை.

சிலப்பதிகாரத்துக்கே திரும்பி வருகிறேன் தம்பி, நீங்கள் தெருவோடு நின்றுவிட்டீர்கள். வைரத்தின் குற்றம் தெரிந்தவர்கள் நிறைந்த அந்த மதுரையில்தான் ஒரு சிலம்பு யாருடையது என்று விசாரிக்காமல் கோவலனை வெட்டினார்கள். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உரியவர் யார் என்று கேட்காத குற்றத்துக்கு அரசன் அரியணையிலேயே உயிரை விட்டான்.

சரி, கேட்டு எழுதி வைத்தவர்கள் யார்? அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். தஞ்சைப் பெரிய கோயில். ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டு, 20ஆம் நாள். அரண்மனையின் திருமஞ்சனசாலையில் இருந்தபடி அரசன் வாய்திறந்து சொல்கிறான்: "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லிலே வெட்டுக." அக்கன் என்றால் அக்கா குந்தவை. தன் பெயருக்கு அடுத்த இடம் அக்காவுக்கு. அதற்கப்புறம் அரசிகள், அதிகாரிகள், எல்லோரும். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு அரசன் போட்ட சொத்துப் பதிவேட்டு உத்தரவு இது.

எப்படி வெட்டினார்கள் தெரியுமா? பொன்னை ஆடவல்லான் என்ற பெயருள்ள எடைக்கல்லால் நிறுத்தார்கள். நகையை நிறுக்கத் தனி எடைக்கல், அதற்கு தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். நிறுக்கும் முன் சரடும் சட்டமும் செப்பாணியும் நீக்கினார்கள். நம் கடைக்காரர் அரக்கைக் கழித்தாரே, அந்தக் கழிவுதான். ஆனால் இங்கே கழித்ததையும் எழுதினார்கள். முத்து என்று மொத்தமாக எழுதிவிடவில்லை. வட்டம் இத்தனை, அனுவட்டம் இத்தனை, ஒப்புமுத்து இத்தனை, குறுமுத்து இத்தனை, கறடு, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வகை பிரித்து எழுதினார்கள். குற்றமுள்ள கல்லைக் குற்றமுள்ளது என்றே எழுதினார்கள். குந்தவை தன் தந்தைக்கும் தாய்க்கும் படிமம் எடுத்து, அவற்றுக்கு அணிவித்த நகைகளும் இதே கணக்கில் வருகின்றன.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இன்னொரு வரியில். இந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்பதையும் ராஜராஜன் மறைக்கவில்லை. சேரமானையும் பாண்டியர்களையும் மலைநாட்டில் வென்று கைக்கொண்ட பண்டாரத்திலிருந்து செய்தது என்று வெட்டவெளிச்சமாக வெட்டி வைத்தான். அதுவும் போரில் எடுத்த பொருள்தான், நம் அரசன் என்பதற்காக நான் வேறு பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் யாரிடமிருந்து எடுத்தேன் என்று கோயில் சுவரில், ஊர் பார்க்க எழுதினானே, அந்த நேர்மை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. லண்டனில் கல்லை வெட்டினார்கள். தஞ்சையில் கல்லிலே வெட்டினார்கள்.

பதிவு இருந்தால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் இந்தத் தில்லிக்கு வந்து, ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசரை நம் பிரதமரிடம் ஒப்படைத்தார். பல கோடி கொடுத்து வாங்கிய அருங்காட்சியகம் அதைத் திருப்பித் தரும்படி ஆனது எப்படி? திருட்டுக்கு முன்னால் கோயிலில் எடுத்த புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. வெண்கலத்தின் எடையைச் சொல்லி மீட்கவில்லை, இது எங்கள் ஊரில் இருந்தது என்று காட்டி மீட்டார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம். கல் இல்லாமல் கதை நிற்குமா என்பதுதான் எதிரணித் தலைவரின் முதல் கேள்வி. பெரிய கோயில் சுவரில் எழுதியிருக்கும் அந்த நகைகள் இன்றைக்கு நம்மிடம் இல்லை. நிறுக்க ஒரு முத்து இல்லை, உரச ஒரு குந்துமணிப் பொன் இல்லை. அப்படியிருந்தும் எந்த நகையை யார் கொடுத்தார், எத்தனை முத்து, எத்தனை வைரம், எந்தக் கல்லில் குற்றம் என்று ஆயிரம் வருடம் கழித்துத் தில்லியில் நின்று என்னால் சொல்ல முடிகிறது. கல்லும் பொன்னும்தான் மதிப்பு என்றால் நான் இவ்வளவு நேரம் எதைப் பற்றிப் பேசினேன்? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் அதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். வணக்கம்.